சும்மா சும்மா ஹேங் ஆகுதா? முதல்ல ஒரு நோட்டு வாங்குங்க பாஸ்!

"மக்ளே, இது பிள்ளையார் சிலை மாதிரி அப்படியே நிக்குதுடே! திருவிழா நோட்டீஸ் அடிக்கணும், கல்யாணக் கார்டு ரெண்டு கெடக்கு. நீ என்னத்துக்குடே எஞ்சினியருக்குப் படிக்குத?"

செமஸ்டர் லீவு ஆரம்பிச்ச மறுநாளே குளச்சல்ல இருந்து சித்தியின் போன். ஈ.சி.இ. மூணாவது வருஷம் படிக்கிறவனைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்டா மானப் பிரச்னை இல்லையா? 1741-ல டச்சுப் படையையே மண்ணைக் கவ்வ வெச்ச ஊர் குளச்சல். அங்கே போய் ஒரு ஓட்டை டெஸ்க்டாப்கிட்ட தோத்துட்டு வர முடியுமா? அடுத்த பஸ்ஸைப் பிடிச்சேன்.

சித்தி நடத்துறது சின்ன டி.டி.பி. சென்டர். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு டேபிள் ஃபேன். அந்த கம்ப்யூட்டர் 2006-ல வாங்கினது. பென்டியம் 4, ஒரு ஜி.பி. ரேம், விண்டோஸ் எக்ஸ்பி. எனக்கும் அதுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. "இன்னுமா இதைக் கட்டிட்டு அழுறீங்க?"னு கேட்கத்தான் வாயைத் திறந்தேன். சித்தி ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினாங்க. இத்தனை வருஷமா அடிச்ச கார்டு, நோட்டீஸ், நினைவஞ்சலி, சங்க ரசீது எல்லாம் பேஜ்மேக்கர் ஃபைலா வரிசையா இருக்கு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7, 2001-ல வந்தது. ஃபைல்கள்ல இருக்கிற தமிழ் எழுத்தும் யூனிகோடுக்கு முந்தின பழைய ஃபான்ட். அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல திறந்தா 'அன்புடையீர்' என்பது ஏதோ ரகசிய சங்கேத மொழி மாதிரி தெரியும். போன வருஷம் கார்டு அடிச்சவங்க "அதே மாதிரி, தேதி மட்டும் மாத்திக் குடுங்க"ன்னு வருவாங்க. அதுதான் சித்தியின் பிழைப்பே.

ஏற்கெனவே ஒரு மெக்கானிக் வந்து ஃபார்மேட் அடிச்சுட்டுப் போயிருக்கார். எல்லா ஃபான்ட்டையும் பிரின்டரையும் திரும்பப் போட ரெண்டு நாள் ஆச்சாம். மூணாம் நாள் மறுபடியும் ஹேங். ரெண்டாவது தடவை வந்தவர், "போர்டு போச்சுக்கா, புதுசு வாங்கிருங்க"ன்னு 38 ஆயிரத்துக்கு ஒரு கணக்கு எழுதிக் குடுத்துட்டார். அந்தச் சீட்டு கீபோர்டுக்கு அடியில இருந்தது. அதுக்குக் கீழே நகை அடகுக்கடை கார்டு ஒண்ணு. சித்தி அதைப் பத்தி எதுவும் சொல்லலை. நானும் கேட்கலை.

முதல் நாள்: எஞ்சினியர் அவுட்!

முதல் நாள் நான் செஞ்சது என்னன்னா, எல்லாத்தையும் ஒரே நேரத்துல செஞ்சதுதான்! ரேமைக் கழட்டி, பென்சில் ரப்பரால தேச்சு மாட்டினேன். ஹார்ட் டிஸ்க் கேபிளை மாத்தினேன். தேவையில்லாத நாலஞ்சு சாஃப்ட்வேரைத் தூக்கினேன். ஆன் பண்ணினா ரெண்டு மணி நேரம் ஜோரா ஓடுச்சு. 'நாம யாரு!'ன்னு காலரைத் தூக்கிவிட்டுட்டு, சித்தி வெச்ச சாளைக் குழம்பை ஒரு பிடி பிடிச்சேன்.

ராத்திரி எட்டரை மணி. நோட்டீஸின் 31-ம் பக்கம். மவுஸ் நின்னுச்சு. கடிகாரமும் நின்னுச்சு.

அப்பதான் உறைச்சுது. மூணு விஷயத்தை ஒண்ணா மாத்திட்டேன். ரெண்டு மணி நேரம் ஓடினதுக்கு எது காரணம்? தெரியாது. திரும்ப நின்னதுக்கு எது காரணம்? அதுவும் தெரியாது. ஃபார்மேட் அடிச்சவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் காசு வாங்கினார், நான் குழம்பு வாங்கினேன். அவ்வளவுதான்.

40 பக்க நோட்டு

மறுநாள் காலையில பெட்டிக்கடையில ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். கோடு போட்டு அஞ்சு கட்டம். எத்தனை மணிக்கு நின்னுச்சு? அப்போ என்ன வேலை ஓடிட்டிருந்தது? கேப்ஸ் லாக் லைட் மாறுதா? ஹார்ட் டிஸ்க் லைட் எப்படி இருக்கு? யு.பி.எஸ். கத்துச்சா? "எதையும் தொடாதீங்க சித்தி. வழக்கம்போல வேலை செய்யுங்க. நின்னா மட்டும் கூப்பிடுங்க"ன்னுட்டேன்.

அதென்ன கேப்ஸ் லாக்? ரொம்ப சிம்பிளான டெஸ்ட் பாஸ். ஸ்கிரீன் உறைஞ்சு நிக்கும்போது கேப்ஸ் லாக் கீயைத் தட்டுங்க. லைட் எரிஞ்சு அணைஞ்சா, உள்ளே ஆபரேட்டிங் சிஸ்டம் உயிரோட இருக்குன்னு அர்த்தம். ஏதோ ஒரு புரோகிராம் மட்டும் மாட்டிக்கிட்டிருக்கு. லைட் அசையவே இல்லைன்னா மொத்த சிஸ்டமும் மூர்ச்சை ஆயிடுச்சு. முதல் வகைன்னா பெரும்பாலும் சாஃப்ட்வேர் இல்லைன்னா டிஸ்க். ரெண்டாவது வகைன்னா ரேம், சூடு, கரன்ட், போர்டு, சில நேரம் டிரைவர்.

மூணு நாள்ல 14 தடவை நின்னுச்சு. 14 தடவையும் கேப்ஸ் லாக் அசையலை. அதுல 12 தடவை பிரின்ட் கொடுக்கும்போதோ பெரிய போட்டோவைத் திறக்கும்போதோதான் நின்னிருக்கு. ராத்திரி முழுக்க சும்மா ஆன் பண்ணி வெச்சிருந்தப்போ ஒரு தடவைகூட நிக்கலை. யு.பி.எஸ். சத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

நோட்டைப் பார்த்ததும் பாதி தெளிஞ்சிடுச்சு. வேலை கொடுத்தா நிக்குது. வேலை கொடுத்தா பிராசஸர் நிறைய கரன்ட் இழுக்கும், சூடாகும். அப்போ சந்தேகப் பட்டியல்ல முதல் இடம் சூட்டுக்கும் கரன்ட்டுக்கும்தான்.

செவ்வாய் கிரகத்துல ஃபார்மேட் அடிக்க முடியுமா?

'ஒரு கம்ப்யூட்டருக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?'ன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். 1997 ஜூலை 4. நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில இறங்குச்சு. படமெல்லாம் அனுப்பி உலகமே கைதட்டின கொஞ்ச நாள்ல, அதுல இருந்த கம்ப்யூட்டர் தானாவே திரும்பத் திரும்ப ரீசெட் ஆக ஆரம்பிச்சுது. அங்கே எந்த மெக்கானிக்கை அனுப்புறது?

பூமியில இருந்த அதே மாதிரி இன்னொரு சிஸ்டத்துல, நடக்கிறதையெல்லாம் பதிவு பண்ணிக்கிட்டே மணிக்கணக்கா ஓடவிட்டாங்க. கடைசியில அங்கேயும் அதே கோளாறு வந்துச்சு. பதிவைப் பார்த்தப்போ விஷயம் புரிஞ்சுது.

நம்ம ஹாஸ்டல் பாஷையில சொல்றேன். மாடிக்கு ஒரே ஒரு வாளி. அது ஃபர்ஸ்ட் இயர் பையன் கையில இருக்கு. எக்ஸாமுக்கு ஓடவேண்டிய ஃபைனல் இயர் அண்ணன் அந்த வாளிக்குக் காத்திருக்கார். பையன் சீக்கிரம் குளிச்சுட்டுக் கொடுத்துடுவான். ஆனா நடுவுல செகண்ட் இயர் பசங்க, 'நீ ஜூனியர், தள்ளு'ன்னு அவனைக் குழாய்கிட்டயே விடமாட்டேங்கிறாங்க. பையன் குளிக்கலை. வாளி வரலை. அண்ணன் எக்ஸாம் கோவிந்தா! வானிலை விவரம் சேகரிக்கிற ஒரு சின்ன வேலைதான் அங்கே அந்த ஃபர்ஸ்ட் இயர் பையன். முக்கியமான வேலை முடியாம நின்னதும் பாதுகாப்புக்காக சிஸ்டம் தன்னையே ரீசெட் பண்ணிக்கிச்சு.

'வாளி கையில இருக்கிற வரைக்கும் ஜூனியருக்கும் சீனியர் மரியாதை'ங்கிற ஒரு செட்டிங்கை ஆன் பண்ணி, பூமியில இருந்தே அனுப்பினாங்க. சரியாயிடுச்சு. அவங்க கண்டுபிடிச்ச விதமும் நம்ம நோட்டு வழிதான்: பதிவு பண்ணு, திரும்ப நடக்க வை, அப்புறம் கை வை.

ஒண்ணு மாத்து, ஒரு நாள் பொறு

திரும்ப குளச்சலுக்கு வருவோம்.

முதல்ல சூடு. பவர் கார்டைப் பிடுங்கிட்டு கேபினெட்டைத் திறந்தேன். கடை கடற்கரைக்குப் பக்கம். நம்ம மாவட்டத்துல தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதனால காத்துல எப்பவும் ஈரம். கூடவே உப்பு. மத்த ஊர்ல தூசி, தூசியா இருக்கும். இங்கே அது பசை மாதிரி அப்பியிருந்தது. பிராசஸர் மேல இருக்கிற அலுமினியத் தகடுகளுக்கு நடுவுல காத்து போக வழியே இல்லை. ஃபேன் இறக்கை சுத்தாதபடி பிடிச்சுக்கிட்டு பிரஷ்ஷால சுத்தம் பண்ணினேன். காய்ஞ்சுபோன பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைச்சுட்டுப் புதுசு வெச்சேன். பயாஸ்ல 72 டிகிரி காட்டினது 51-க்கு இறங்குச்சு.

அன்னைக்கு வேற எதையும் தொடலை. அடுத்த ரெண்டு நாள்ல 5 தடவைதான் நின்னுச்சு. ஆக, சூடு ஒரு கூட்டாளி. ஆனா மெயின் வில்லன் இன்னும் பிடிபடலை.

அடுத்து, சாஃப்ட்வேரும் ஹார்ட் டிஸ்க்கும். இதுக்குப் பழைய மெஷினுக்கு ஏத்த லினக்ஸ் லைவ் சிடி ஒண்ணு போதும். ஹார்ட் டிஸ்க் கேபிளையே கழட்டிட்டு, சிடியில இருந்து பூட் பண்ணினேன். ஒரு ஃபைலைத் திரும்பத் திரும்ப ஸிப் பண்ணச் சொல்லி வேலை கொடுத்தேன். 40 நிமிஷத்துல ஹேங்! எனக்கு ஒரே சந்தோஷம். சித்திக்கு ஒண்ணும் புரியலை. "நின்னு போச்சுன்னு சிரிக்குதான் பாரு, லூசுப்பய!" விண்டோஸும் இல்லை, டிஸ்க்கும் இல்லை, அப்பவும் நிக்குதுன்னா ரெண்டு பேருமே நிரபராதி. ஃபார்மேட் அடிச்ச ரெண்டு நாள் உழைப்பு வீண்தான்னு அங்கேயே தெரிஞ்சுபோச்சு.

அப்புறம் ரேம். ரெண்டு 512 எம்.பி. ஸ்டிக். ஒண்ணைக் கழட்டிட்டு ஓட்டினேன், நின்னுச்சு. அதை மாட்டிட்டு மத்ததைக் கழட்டினேன், அப்பவும் நின்னுச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல கெட்டுப்போறது அபூர்வம். அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். ஃப்ரெண்டு வீட்டுல சும்மா கிடந்ததை இரவல் வாங்கி மாட்டினேன். அதுலயும் நின்னுச்சு.

மிச்சம் இருந்தது மதர்போர்டு மட்டும்தான். 'மெக்கானிக் சொன்னது சரிதானோ'ன்னு வயித்துல புளியைக் கரைச்சுது. டார்ச் அடிச்சுக் குனிஞ்சு பார்த்தேன். பிராசஸரைச் சுத்தி வரிசையா நிக்கிற குட்டிக் குட்டி டப்பாக்கள்ல, ஆறு டப்பாவின் தலை சப்பாத்தி மாதிரி உப்பியிருந்தது. ஒண்ணோட உச்சியில பழுப்பா ஏதோ கசிஞ்சு காய்ஞ்சிருந்தது.

குளம் வத்திப்போச்சு!

அந்த டப்பாதான் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர். நாஞ்சில் நாட்டுக்காரங்களுக்கு இதைச் சொல்றது ஈஸி. மழை பெய்ற நேரம் வேற, வயலுக்குத் தண்ணி வேணுங்கிற நேரம் வேற. அதனாலதான் நடுவுல குளம். கெப்பாசிட்டரும் ஒரு குளம்தான். எஸ்.எம்.பி.எஸ். கொடுக்கிற 12 வோல்ட்டை, பிராசஸருக்கு வேண்டிய ஒண்ணேகால், ஒண்ணரை வோல்ட்டா போர்டு குறைக்குது. அதுக்காக விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை ஆன்-ஆஃப் பண்ணுது. அந்த விட்டு விட்டு வர்ற கரன்ட்டைத் தேக்கி, சீரா பாயவைக்கிறது கெப்பாசிட்டர். உள்ளே இருக்கிற திரவம் காய்ஞ்சா, தூர் வாராத குளம் மாதிரி கொள்ளளவு குறையும். சும்மா இருக்கும்போது சமாளிக்கும். பிரின்ட் கொடுத்ததும் பிராசஸர் ஒரேயடியா இழுக்கும்போது வோல்ட்டேஜ் தடுமாறும். ஒரு கணக்கு தப்பினாலும் போதும், மொத்த சிஸ்டமும் அப்படியே நின்னுடும். ராத்திரி சும்மா இருந்தப்போ நிக்காததுக்கு விடை கிடைச்சுதா?

சூடு கூட்டாளியானதுக்கும் காரணம் இருக்கு. இந்த வகைக் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினா ஆயுசு ஏறக்குறைய பாதியாகும்னு எலெக்ட்ரானிக்ஸ்ல ஒரு தோராயக் கணக்கு உண்டு. தூசி அடைச்ச கேபினெட்ல பக்கத்துலயே பிராசஸர் கொதிச்சா, பாவம் அது என்ன பண்ணும்?

இது குளச்சலுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 2000-களின் முதல் பாதியில உலகம் முழுக்க வந்த போர்டுகள்ல தரமில்லாத கெப்பாசிட்டர்கள் புகுந்து, உப்பி, வெடிச்சு, லட்சக்கணக்கான மெஷின்களைப் படுக்க வெச்சுது. 'கெப்பாசிட்டர் பிளேக்'னே அதுக்குப் பேர் வந்துடுச்சு. டெல் நிறுவனம் மட்டும் 2003 மே முதல் 2005 ஜூலை வரைக்கும் இப்படிக் கோளாறு வர வாய்ப்புள்ள 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்களை அனுப்பியிருந்ததுன்னு, கோர்ட் ஆவணங்களை வெச்சு 2010-ல நியூயார்க் டைம்ஸ் எழுதுச்சு. பழுது பார்க்கவும் மாத்திக் கொடுக்கவும் 2005-லயே 30 கோடி டாலரை அந்த கம்பெனி கணக்குல ஒதுக்க வேண்டிவந்தது.

அந்தச் செய்தியில ஒரு காமெடியும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையில மெஷின்கள் வரிசையா படுத்தப்போ, 'நீங்க ரொம்பக் கஷ்டமான கணக்கையெல்லாம் போடச் சொல்லி அதை வதைச்சுட்டீங்க'ன்னு பதில் வந்துச்சாம். கணக்கு டிபார்ட்மென்ட்காரங்க கம்ப்யூட்டர்ல கணக்கு போடாம கபடியா ஆடுவாங்க? யோசிச்சுப் பார்த்தா, அந்தப் பதிலுக்கும் "போர்டு போச்சு, புதுசு வாங்குங்க"வுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரெண்டுமே காரணத்தைத் தேடாம சொன்ன பதில்.

டிவி அண்ணன் வாழ்க!

காலேஜ் லேப்ல நானும் சால்டரிங் பண்ணியிருக்கேன். ஆனா மதர்போர்டு பல அடுக்கு சமாசாரம். உள்ளே இருக்கிற தாமிர அடுக்கு சூட்டை உறிஞ்சிக்கும். ஈயம் சுலபத்துல உருகாது. அவசரப்பட்டு இழுத்தா துளையின் உள்பூச்சும் சேர்ந்து பிய்ஞ்சுடும். அதனால வீம்பு பண்ணாம, போர்டைக் கழட்டி நாகர்கோவில்ல ஒரு பழைய டிவி மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டுபோனேன்.

அவர் போர்டைப் பார்த்ததும், "இதுக்கா தம்பி புதுசு வாங்கச் சொன்னாவ?"ன்னு சிரிச்சார். அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட்டேஜ், 105 டிகிரி தாங்குற, லோ ஈ.எஸ்.ஆர். வகைக் கெப்பாசிட்டர் ஆறு. பிளஸ், மைனஸ் பார்த்து மாட்டினார். முக்கால் மணி நேர வேலை. சாமானும் கூலியும் சேர்த்து 350 ரூபாய்.

38 ஆயிரம் எங்கே, 350 எங்கே!

இதை எழுதுற இன்னைக்கு 23 நாள் ஆச்சு. ஒரு தடவைகூட நிக்கலை. திருவிழா நோட்டீஸ் 48 பக்கமும் நேரத்துக்கு பிரஸ்ஸுக்குப் போயிடுச்சு. ஆனா ஒண்ணை மறைக்கக்கூடாது. இருபது வருஷப் பெட்டி. இன்னைக்கு கெப்பாசிட்டர், நாளைக்கு ஹார்ட் டிஸ்க். அதனால எல்லா ஃபைலையும் ஃபான்ட்டோட சேர்த்து ரெண்டு தனித்தனி டிஸ்க்ல காப்பி எடுத்தோம். முக்கியமானதையெல்லாம் பி.டி.எஃப். ஆக்கிட்டிருக்கோம். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2014 ஏப்ரல் 8-ம் தேதியோட முடிஞ்சுபோச்சு. அதனால அந்த மெஷினுக்கு இன்டர்நெட்டே கிடையாது. சித்தி மெதுவா காசு சேர்த்துப் புதுசு வாங்கத்தான் போறாங்க. ஆனா அது அவங்க முடிவு பண்ற நேரத்துல நடக்கும், அடகுக்கடைக்குப் போய் இல்லை.

உங்க பெட்டி நின்னா... வரிசை இதுதான்!

1. நோட்டு: நேரம், வேலை, கேப்ஸ் லாக், டிஸ்க் லைட். குறைஞ்சது பத்து தடவையாவது எழுதுங்க.

2. காப்பி: கை வைக்கிறதுக்கு முன்னாடி ஃபைலை வெளியே எடுத்துடுங்க. பிராஜெக்ட் ரிப்போர்ட் வெச்சிருக்கிற ஃபைனல் இயர் அண்ணன், அக்காக்களே, கேட்குதா?

3. டாஸ்க் மேனேஜர்: டிஸ்க் எப்பவும் 100 சதவிகிதம் காட்டினா அது ஹேங் இல்லை, ஆமை வேகம். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்க. டிஸ்க்கின் 'ஸ்மார்ட்' ரிப்போர்ட்டையும் ஒரு பார்வை பாருங்க.

4. ஈவென்ட் வியூவர்: 'கெர்னல் பவர் 41'னு இருந்தா உடனே எஸ்.எம்.பி.எஸ். மேல பழி போடாதீங்க. போன தடவை சிஸ்டம் முறைப்படி ஷட்டவுன் ஆகலைன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். நீங்களே பட்டனை அமுக்கி அணைச்சாலும் அது வரும்.

5. தூசி, தெர்மல் பேஸ்ட், லைவ் லினக்ஸ், ஒத்தை ரேம், இரவல் எஸ்.எம்.பி.எஸ்., கடைசியா போர்டு. ஒண்ணு மாத்தினா ஒரு நாள் பொறுங்க. ரேமைத் தேய்க்கிறதா இருந்தா மெதுவா. அதுல இருக்கிறது மெல்லிசான தங்கப்பூச்சு, சுரண்டினா அதுவும் போயிடும்.

6. எஸ்.எம்.பி.எஸ்-ஸை மட்டும் திறக்கவே திறக்காதீங்க. 230 வோல்ட் ஏ.சி. அதுக்குள்ளே 300 வோல்ட்டுக்கு மேல டி.சி. ஆகித் தேங்கி நிக்கும். வயரைப் பிடுங்கின பிறகும் அடிக்கும்.

ஊருக்குக் கிளம்பும்போது அந்த 40 பக்க நோட்டை எடுத்துப் பைக்குள்ள வெச்சேன். சித்தி பிடுங்கிக்கிட்டாங்க. "இது இங்கயே கெடக்கட்டும் மக்ளே. அடுத்த மட்டம் நின்னா நானே எழுதிக்கிடுதேன்."

பிரின்டர்ல இருந்து யாரோ ஒரு கல்யாணக் கார்டு வந்துட்டிருந்தது. எந்தத் தடங்கலும் இல்லாம!